வாளியின் மேல் உட்கார்ந்திருந்த நேரம்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஆவணி மாதத்தில் ஒரு காலை. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் குத்தகைக்கு எடுத்திருந்த ஒன்றரை ஏக்கர் கரும்பில் சோகை, அதாவது காய்ந்த இலை, உரித்துக்கொண்டிருந்தோம். நான், என் மனைவி, கூலிக்கு வந்த இரண்டு பெண்கள். கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நின்றது. உள்ளே நுழைந்துவிட்டால் பக்கத்து வரிசையில் இருப்பவர் முகம்கூடத் தெரியாது. பேச்சுச் சத்தத்தை வைத்துத்தான் யார் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாம்புக்குப் பயப்படாத ஆள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பேர். யார் வீட்டில் பாம்பு புகுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் நீளமாக ஒரு கழியை எடுத்துக்கொண்டு கம்பீரமாகப் போய் நிற்பேன். பாதி நேரம் நான் போய்ச் சேர்வதற்குள் பாம்பு தன் வழியைப் பார்த்துக்கொண்டு போயிருக்கும். ஆனாலும் பேர் என்னவோ எனக்குத்தான்.

அன்றைக்கு என் மனைவி கத்தக்கூட இல்லை. “இன்னாமோ கடிச்சிடுச்சிங்க” என்று முள் குத்தியதைச் சொல்வதுபோலச் சொன்னாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். வலது கணுக்காலுக்குக் கீழே இரண்டு புள்ளி, அதில் லேசாக ரத்தம். கொஞ்சம் தள்ளிக் காய்ந்த சோகையின் மேல் ஒரு நல்ல பாம்பு ஊர்ந்துகொண்டிருந்தது. கையில் இருந்த கழியால் ஓங்கி ஒரு போடு போட்டேன். துவண்டு விழுந்தது. இரண்டாவது அடிக்குக் கையைத் தூக்கியபோது கூலிக்கு வந்திருந்த பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லதுங்க அது. அடிச்சா பாவம் சும்மா வுடாது. வுட்டுடுங்க.”

எங்கள் பக்கத்தில் நல்ல பாம்பை அடிக்க மாட்டார்கள். தெரியாமல் அடித்துவிட்டால்கூடப் பால் ஊற்றிப் புதைப்பார்கள். எனக்கும் அந்தப் பயம் உள்ளே இருந்தது. அதனால் ஒரு அடியோடு நிறுத்தினேன். ஆனால் என்ன பாம்பு கடித்தது என்று டாக்டர் கேட்பாரே, காட்ட வேண்டாமா? கழியால் தூக்கி ஒரு யூரியா சாக்கில் போட்டேன். சாக்கின் வாயைக் கட்ட வைத்திருந்த நைலான் கயிற்றை எடுத்து, விஷம் மேலே ஏறாமல் இருக்கட்டும் என்று மனைவியின் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். சாக்குக்குக் கயிறு இல்லை. வாயை முறுக்கி மடக்கிக்கொண்டேன். அந்த அவசரத்திலும் எவ்வளவு யோசனையாக நடந்துகொள்கிறோம் என்று எனக்கே ஒரு பெருமை.

பக்கத்துக் கொல்லைக்காரர் தன் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பறந்தார். பாதி வழியில் மனைவி தூக்கம் வருகிறது என்றாள். கண்ணைத் திறக்கச் சொன்னேன். திறக்க முடியவில்லை என்று சொன்னபோது நாக்கு குழறியது. கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது வாயோரம் எச்சில் வழிந்தது.

அவசரப் பிரிவில் எங்களை முதலில் பார்த்தவர் ஒரு நர்ஸ். முப்பது வயது இருக்கும். ஒல்லியான, குட்டையான உருவம். மனைவியின் இமையைப் பார்த்த உடனேயே டாக்டருக்குக் குரல் கொடுத்தார். டாக்டர் வந்து பார்த்துச் சொல்லச் சொல்ல, நர்ஸ் ஊசி ஏற்றி விஷமுறிவு மருந்தைத் தொடங்கினார். அடுத்து அவர் கை நான் போட்ட கட்டுக்குப் போனது. நான் சத்தம் போட்டேன். கட்டை அவிழ்த்தால் விஷம் ஏறிவிடும், யார் பொறுப்பு என்று ஏகத்துக்குக் கத்தினேன். அவர் கோபப்படவில்லை.

“இந்தக் கட்டு விஷத்த நிறுத்தலண்ணா. ரத்தத்தத்தான் நிறுத்தியிருக்கு. காலப் பாருங்க” என்றார்.

பார்த்தேன். பாதம் கறுத்துப் போயிருந்தது. அவர் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். என் கெட்டிக்காரத்தனத்தில் ஒன்று அங்கே போயிற்று. சரி, இன்னொன்று இருக்கிறதே என்று சாக்கைத் தூக்கிக் காட்டினேன். எந்தப் பாம்பாக இருந்தாலும் இங்கே கொடுப்பது ஒரே மருந்துதான், அதை உடனே வெளியே கொண்டுபோய்விடுங்கள் என்றார். செத்த பாம்புதானே என்று நினைத்தேன். மனைவியை விட்டு நகரவும் மனம் வரவில்லை. அவர் திரும்பிய நேரம் பார்த்துச் சாக்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

சற்று நேரத்தில் மனைவியின் நெஞ்சு ஏறி இறங்குவது நின்றுவிட்டது. டாக்டர் தொண்டையில் குழாய் போட வேண்டியதை எடுக்க உள் அறைக்கு ஓடினார். நர்ஸ் மனைவியின் தலையைச் சாய்த்து, முகத்தில் மூடியை அழுத்தி, அதோடு சேர்ந்த ரப்பர் பையை ஒரு கையால் அமுக்கி அமுக்கி விட்டார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் நெஞ்சு எழும்பியது. என் மனைவி அப்போது மூச்சு விட்டது அந்தக் கையால்தான்.

அந்த நேரத்தில் பக்கத்துக் கட்டிலில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர் “பாம்பு” என்று அலறினார். கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தது. நர்ஸின் காலுக்கு ஒன்றரை அடி தூரத்தில் படம் எடுத்து நின்றது. அந்த மனிதர் குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே ஓடினார். அவருக்குத் துணைக்கு வந்தவர் ஓடினார்.

நானும் ஓடினேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வழியில்லை. கட்டிய மனைவியை மூச்சில்லாமல் போட்டுவிட்டு, நானே கொண்டுவந்த பாம்பைப் பார்த்து ஓடினேன். அது போதாதென்று வெளியே வந்து கதவையும் இழுத்துச் சாத்தினேன்.

கதவில் கண்ணாடி இருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன். நர்ஸ் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஒரு கை மூடியில், ஒரு கை பையில். பாம்பைப் பார்க்கவில்லை. என் மனைவியின் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“அண்ணா, ஒரு வாளி எடுத்துக்கினு உள்ள வாங்க. என்னால கைய எடுக்க முடியாது” என்றார். கதவைத் தாண்டிக் கேட்கும் அளவுக்குத்தான் குரல், அதில் பதற்றமே இல்லை.

குளியலறை வாசலில் ஒரு பெரிய சிவப்பு வாளி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எப்படி உள்ளே போனேன் என்று எனக்கே தெரியாது. பாம்பு படத்தைச் சுருக்கிக்கொண்டு சுவரோரம் சுருண்டிருந்தது. அடிபட்ட பாம்புதானே, அதற்கும் களைப்பு. வாளியைக் கவிழ்த்தேன். சரியாக விழுந்தது. தூக்கிவிட்டு வந்துவிடுமோ என்று அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்துவிடாதீர்கள், அப்படியே இருங்கள் என்றார் அவர்.

குழாயோடு வந்த டாக்டர், வாளிமேல் உட்கார்ந்திருக்கும் என்னை ஒரு தரம் பார்த்தார். கேட்க நேரமில்லை. குழாயைப் போட்டார். மெஷின் மாட்டும்வரை நர்ஸ் விடாமல் பையை அமுக்கினார். என் கீழே பாம்பு உரசுவது கேட்டது. நான் உட்கார்ந்திருந்த உயரத்துக்கு அவர் கால்கள்தான் நேராகத் தெரிந்தன. முழங்காலுக்குக் கீழே இரண்டும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. மேலே கை மட்டும் ஒரே சீராக ஏறி இறங்கிற்று. அன்றைக்குப் போல நான் என் வாழ்நாளில் யாரையும் கையெடுத்துக் கும்பிட நினைத்ததில்லை. கும்பிடத்தான் எழுந்திருக்க முடியவில்லை.

பிறகு வனத்துறை ஆட்கள் வந்து பாம்பைப் பிடித்துக்கொண்டு போய்க் கல்வராயன் மலைக்காட்டில் விட்டார்கள். பெரியம்மா சொன்ன பாவம் அந்த மட்டில் தீர்ந்தது. மூன்றாம் நாள் மனைவிக்குக் குழாயை எடுத்தார்கள். தண்ணீர் கேட்டாள். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்து கொடுத்தேன்.

அன்று மாலையே நர்ஸைத் தேடினேன். வேலை முடிந்து கிளம்பிவிட்டார் என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ்ஸுக்காக நின்றிருந்தார். சொந்த ஊர் மலையில் ஒரு கிராமமாம். சாக்கை வெளியே வைக்கச் சொன்னீர்கள், நான் கேட்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றேன். அத்தோடு விடாமல், பாம்பைக் கண்டு உங்களுக்குப் பயமே இல்லையா என்றும் கேட்டேன்.

“பயம் இல்லாமயா? மலையில பொறந்தவ, பாம்பு இன்னா செய்யும்னு எனக்குத் தெரியும். அதனால பயம் ஜாஸ்தி. கால் நடுங்கினா பரவால்லண்ணா, கை நடுங்கக் கூடாது.” சிரித்தார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆனது. ஓடிப்போனதை மனைவியிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் சொல்லிவிட்டேன். அவள் அசரவே இல்லை. “எனக்குத் தெரியுமே” என்றாள். கண் திறக்க முடியவில்லை, கைகால் அசைக்க முடியவில்லை, ஆனால் காது நன்றாகக் கேட்டதாம். அந்த அலறல், நான் ஓடிய சத்தம், கதவு சாத்திய சத்தம் எல்லாமே. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. என்னைப் பற்றி என்ன நினைத்தாய் என்று கேட்டேன்.

“நெனைக்கறதுக்குள்ளதான் அந்த சிஸ்டர் காதுல சொல்லிட்டாங்களே. ‘பயப்படாதீங்கக்கா, உங்க வூட்டுக்காரரு வாளி எடுக்கத்தான் போயிருக்காரு, வந்துடுவாரு. அதுவரைக்கும் மூச்ச நான் பாத்துக்கறேன்’னு. நீங்களும் வந்துட்டீங்க.”

அவர் அதைச் சொன்ன நேரத்தில் நான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். வாளி என்ற நினைப்பே எனக்கு இல்லை. காலடியில் பாம்பு நிற்கும்போது, அசைய முடியாமல் கிடந்தவளுக்குக் கேட்கும் என்று தெரிந்து, அவள் மனசு விட்டுவிடக் கூடாதே என்று என்னை நல்லவனாகச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் காப்பாற்றிக் கொடுத்த மனைவியோடுதான் இன்றைக்கும் குடும்பம் நடத்துகிறேன். அவளிடம் அவர் சொன்ன அந்த ஆளாக இருக்கத்தான் தினமும் பார்க்கிறேன்.