மிட்டுவின் ரத்த வகை

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் அப்பா வேலை பார்த்தபோது, அங்கே கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு ஆட்டோவில் ஏற்றி வந்தார். கொஞ்சம் கூடுதலாக வேலை கொடுத்தால் மெமரி நிரம்பி அப்படியே நின்றுவிடும். அதற்குள் செருக இன்னொரு மெமரி கார்டு வேண்டும் என்று அக்கா இரண்டு வருஷம் கேட்டாள். கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு எதற்கு என்று அப்பாவும் இரண்டு வருஷம் சலிக்காமல் சொன்னார்.

அக்கா அதிலேயே சமாளித்தாள். புத்தூர் ஆஸ்பத்திரிகளுக்கு அவசரத்தில் ரத்தம் கொடுப்பவர்களைத் தேடித் தரும் புரோகிராம்தான் அவளுடைய கடைசி வருஷ புராஜெக்ட். அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கு வரவிருந்தார்கள். வேலை கிடைத்தால் அரியமங்கலத்துப் பட்டறைக்கார மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட அப்பாவே ஒப்புக்கொண்டிருந்தார்.

எனக்குப் பத்து வயது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன்.

"புதுசா லிஸ்ட் போடாத. கூட்டல் குறியையும் சமக் குறியையும் சேர்த்துப் போட்டா இருக்கிற லிஸ்ட்லயே சேர்ந்துக்கும். இன்னொரு காப்பி எடுத்தா மெஷின் தாங்காது" என்பாள்.

கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள், அவள் குளிக்கப் போயிருந்தபோது, ரத்தம் கொடுப்பவர்கள் இருந்த அவளுடைய பட்டியலுக்கு, புரோகிராமில், என் பெயரை இரண்டாவது பெயராக வைத்தேன். பெயர் வேறானால் பட்டியலும் வேறு என்று நினைப்பு. இது என்னுடையது என்ற தைரியத்தில், அவள் சொல்லித்தந்த குறியைப் போட்டு எங்கள் பூனையைச் சேர்த்தேன்: மிட்டு, பூனை, ஓ நெகட்டிவ். பெயர்தான் இரண்டு, பட்டியல் ஒன்றே. மிட்டு அக்காவின் பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் அக்கா அதை அப்படியே கல்லூரிக்கு எடுத்துப் போனாள். வந்த கம்பெனிக்காரர் ஓ நெகட்டிவ் கேட்டிருக்கிறார். கிடைத்த ஒரே ஆள் மிட்டு. வகுப்பே சிரித்ததாம். வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பட்டியலைத் திறந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று அப்பா கேட்டார்.

"நான்தான்ப்பா சரியாப் பாக்காம விட்டுட்டேன்."

அப்பா மாப்பிள்ளை வீட்டுக்கு போன் செய்தார். அடி விழாமல் தப்பிய சந்தோஷத்தில் நான் இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன். அந்தத் தோசையை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் வெறுப்பு வருகிறது.

கல்யாணம் முடிந்ததும் அக்காவின் மேஜையும் கம்ப்யூட்டரும் எனக்கு வந்தன. ஒரு பொறுப்பு தீர்ந்த நிம்மதியில் அப்பா, யாரும் கேட்காமலே, மெமரி கார்டு வாங்கிப் போட்டார்.

தலைப்பிரசவத்துக்கு வந்த அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினேன்.

"இப்ப எத்தனை காப்பி வேணாலும் எடுக்கலாம்க்கா. மெஷின் நிக்கவே நிக்காது."

அக்கா திரையைப் பார்த்தாள். நல்லாப் படி என்று சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். அவளுக்குக் கொஞ்சம்கூடச் சந்தோஷமில்லையே என்று எனக்குக் கோபமாக வந்தது.