இல்லை என்று யாரும் சொல்லாத வீடு

கூட்டம் இரண்டு மணிக்கு என்றால் ஒன்றே முக்காலுக்கே முள்ளங்கி கீழ்த்தளக் கூடத்துக்கு வந்துவிடுவார். கதவுக்குப் பக்கத்து நாற்காலிதான் அவருக்கு. உட்கார்ந்ததும் வலது காலைச் சற்று முன்னே நீட்டிக்கொள்வார், அங்கேயும் ஒரு பிரேக் இருப்பதைப் போல. பத்தொன்பது வருடமாகச் சியோலின் மேட்டுச் சந்துகளில் சின்னப் பேருந்து ஓட்டுகிற கால் அது.

பெயர் கூ மியோங்-சுக். ஐம்பத்தாறு வயதுப் பெண். ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து கட்டிய அந்த ஐந்து மாடி வீட்டுக்குள் யாரும் சொந்தப் பெயரில் புழங்குவதில்லை. ஆளுக்கொரு புனைபெயர். வயது, பட்டம் பார்க்காமல் எல்லோருக்கும் 'நீ'தான். 'வெண்மேகம்' பல்கலைக்கழகப் பேராசிரியை. 'ஆமை' ஆவணப்படம் எடுப்பவர். பள்ளியைப் பாதியில் விட்ட மியோங்-சுக், "எனக்கு முள்ளங்கி போதும். எந்தக் குழம்புல போட்டாலும் வேகும்" என்றாராம். கோபம் வந்தால் மட்டும் 'நீங்க'வுக்கு மாறிவிடுவார். அவர் மரியாதை கொடுக்கத் தொடங்கினால் வீடே கலங்கும்.

அங்கே வாக்கெடுப்பு கிடையாது. "ஓட்டுன்னாலே தோத்தவங்கன்னு ஒரு கூட்டம் உண்டாயிடும்" என்பார் வெண்மேகம். வீட்டுக்கு மூன்று அட்டை. பச்சை என்றால் சம்மதம். சிவப்பு என்றால் முடியாது. காரணம் சொல்லியாக வேண்டும். மஞ்சள் என்றால் இன்னும் யோசிக்கலாம். அதற்கு மட்டும் யாரும் காரணம் கேட்கக் கூடாது. எல்லா வீடும் பச்சை தூக்கினால்தான் எதுவும் நடக்கும். மாடிப்படிக்கு என்ன நிறம் அடிப்பது என்று மூன்று மாதம் பேசியதுண்டு. முள்ளங்கி சிரித்துக்கொண்டே ஆரஞ்சு உரித்துத் தின்பார்.

அந்தச் சிரிப்பு சென்ற குளிர்காலத்தோடு போயிற்று. இரண்டாம் மாடியில் ஒரு வீடு காலியானது. முள்ளங்கியின் பேருந்துப் பணிமனை மெக்கானிக் யோம் தக்-சூவுக்கு மார்ச் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டிய கட்டாயம். மகள் போமிக்குப் பத்தொன்பது வயது, ஆறு வயதுப் பிள்ளையின் மனசு. சந்தோஷம் வந்தால் கூவுவாள். அந்தக் கூவலுக்காகவே நாலு வீடு மாறியாயிற்று. "நம்ம வீட்டுக்கு வா தம்பி. அங்க இருக்கிறவங்க எல்லாம் படிச்சவங்க" என்று கூட்டிவந்தது முள்ளங்கிதான். படிப்பு இருக்கும் இடத்தில் நியாயம் இருக்கும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அட்டை தூக்கினார்கள். டிசம்பரில் ஐந்து மஞ்சள். ஜனவரியில் நான்கு. பிப்ரவரியில் ஏழு.

"போமி ரொம்ப நல்ல பொண்ணு. ஆனா நாம தயாரா இருக்கோமான்னு நம்ம மனசைக் கேட்டுக்கணும்" என்றார் வெண்மேகம்.

"அவசரமா முடிவெடுத்தா அது போமிக்கே நியாயமில்ல" என்றார் ஆமை.

"அடுத்த மாசம் அவங்க தெருவுல நிக்கப்போறாங்க. இன்னும் என்ன யோசனை?"

"முள்ளங்கி, நீ கொஞ்சம் உணர்ச்சிவசப்படற."

"ஆமாங்க பேராசிரியர் அம்மா. ஸ்டாப்புல நிக்கிறவங்களைப் பார்த்து 'ஏத்தலாமான்னு யோசிக்கிறேன்'னு நான் சொன்னா, நீங்கதான் முதல் ஆளா போன் போட்டுப் புகார் கொடுப்பீங்க. ஓட்டுப் போடுங்க. தோத்தா தோத்துட்டுப் போறேன்."

"ஓட்டுப் போடலாமான்னு முதல்ல எல்லாரும் ஒத்துக்கணுமே" என்றார் ஆமை. கேலி இல்லை, மனசார. அதற்கும் அட்டை தூக்கினார்கள். அதற்கும் மூன்று மஞ்சள்.

மார்ச் கடைசியில் தக்-சூ மகளோடு பக்கத்து நகரான இஞ்சியோனில் தரைக்குக் கீழே இருந்த ஓர் அறைக்குப் போனார். "யாருமே வேண்டாம்னு சொல்லலையே அக்கா. நான் யார் மேல கோபப்படறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வி முள்ளங்கியைத் தூங்கவிடவில்லை.

ஏப்ரல் கூட்டத்தில், மழைக்கு முன் மொட்டைமாடி விரிசலை அடைப்பது பற்றிப் பேச்சு வந்தது. ஏழு பச்சை. முள்ளங்கி சிவப்பைத் தூக்கினார்.

"காரணம்?"

"சொல்றேங்க. 'அந்தப் பொண்ணு எனக்கு வேண்டாம்'னு உங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லுங்க. அடுத்த நொடி பச்சை."

யாரோ எல்லோருக்கும் பார்லித் தேநீர் ஊற்றினார்கள். மே மாதமும் சிவப்பு. ஜூனிலும் சிவப்பு.

"இது மிரட்டல்" என்றார் ஆமை.

"இருக்கட்டுங்க. சிவப்பையும் காட்டறேன், என் மூஞ்சியையும் காட்டறேன். நீங்க மஞ்சளுக்குப் பின்னால எதை ஒளிச்சு வெச்சீங்க?"

இப்போது ஜூலை. முள்ளங்கி அதே வீட்டின் மூன்றாம் மாடியில்தான் இருக்கிறார். இரண்டாம் மாடி காலியாகவே கிடக்கிறது. மழை பிடித்த நான்காம் நாள், ஐந்தாம் மாடியிலிருந்து வெண்மேகம் நனைந்த தலையோடு இறங்கி வந்து கதவைத் தட்டினார்.

"முள்ளங்கி, படுக்கை மேலேயே ஒழுகுது. புத்தகமெல்லாம் போச்சு."

"சொல்றதுக்கு ஏதாவது இருக்குங்களா?"

வெண்மேகத்தின் உதடு அசைந்தது. "எனக்கு... அந்தச் சத்தம்..." அதோடு நின்றது. பிறகு, "நாம எல்லாரும் சேர்ந்துதானே..." என்றார்.

முள்ளங்கி ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்ப் பெரிய ரப்பர் தொட்டி ஒன்றை இழுத்து வந்து, பேராசிரியையின் இரண்டு கைகளிலும் வைத்தார்.