கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு கவிதை நூல்

டொக்டர் வீட்டுக் கண்ணாடி அலுமாரியை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. எழுபதுகளில் சிட்னியில் நமக்கென்று கோயில் ஏது? ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்த அவர் வீட்டில்தான் பூசை, பொங்கல் எல்லாம். போனவரைக் கதிரையில் இருக்கக்கூட விடமாட்டார். நேரே அலுமாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். உள்ளே, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் அச்சான ஆங்கிலக் கவிதை நூல். ஏலத்தில் எடுத்தது. "பறங்கி யாழ்ப்பாணத்தைப் பிடிக்க முந்தின புத்தகம், தெரியுமோ?" என்பார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் தோலட்டையின் அருமையைச் சொல்லுவார். பெரிய ரசிகர்!

அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் குசினிக்குள் வடை சுட்டுக்கொண்டு நிற்பார். டொக்டரின் மனைவி, எங்களுக்கெல்லாம் அன்ரி. ஊரில் பெண்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிப்பித்தவர். அந்தக் காலத்துக் கவிதை என்றால் உயிர். "ஒருக்கா வாசிச்சிட்டுத் தாறனே" என்று அவர் கெஞ்சியதை நானே கேட்டேன். "எண்ணெய்க் கையோட அதைத் தொடாதையும்" என்று எங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டார் டொக்டர். வெட்கங்கெட்ட மனுசன்! வடை மட்டும் அந்தக் கையால் வேண்டும்.

ஒரு வருடம் நவராத்திரிக்குப் பெருமை அடிக்க வேண்டுமே, நூலைப் பட்டு விரித்துக் கும்பத்தின் முன் வைத்தார். என்னைப் போன்ற மாணவர்களின் பாடப்புத்தகங்கள் ஓரத்துக்குப் போயின. பூசையில் வைத்த புத்தகத்தை விஜயதசமியன்று எடுத்து வாசித்தே ஆகவேண்டும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அன்று தீபம் காட்டி முடிந்ததும் பெரியவர் ஒருவர், "டொக்டர், உங்கட புத்தகத்தில ஒரு பாட்டு வாசியுங்கோவன்" என்றார். "ஓம், ஓம், வாசியுங்கோ" என்றார்கள் எல்லோரும்.

டொக்டர் திறந்தார். பழைய எழுத்து, பழைய ஆங்கிலம். முதல் அடியிலேயே நாக்குப் பிறழ்ந்தது. இருமினார். "கண்ணாடியை எங்கயோ வைச்சிட்டன்" என்றார். கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

அன்ரி குசினியில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்தார். நூலை டொக்டர் கையிலிருந்து வாங்கிக் கும்பத்தின் முன் அமர்ந்து வாசிக்கத் தொடங்கினார். காதல் கவிதை. பாதிக்கு மேல் எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டு உடம்பு சிலிர்த்தது. ஒன்று முடிந்தது. அடுத்ததைத் தொடங்கினார்.

"போதுமப்பா, சாப்பாடு ஆறுது" என்றார் டொக்டர்.

"நீங்கள் போட்டுச் சாப்பிடுங்கோ" என்றார் அன்ரி, தலை நிமிராமல், அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டு.