ஜன்னலோர மிஷின்

அந்தத் தையல்கடையில் ஜன்னலோர மிஷினில் யார் உட்காருகிறாளோ அவள்தான் ராணி. வெளிச்சம் அவளுக்கு, காற்று அவளுக்கு, உள்ளே வருபவர்களின் முதல் சிரிப்பும் அவளுக்கே. பத்து வருஷம் அங்கே உட்கார்ந்திருந்தவள் கத்திரி. நாக்கு வெட்டிய வெட்டில் வந்த பெயர். பிறகு இன்னொருத்தி வேலைக்கு வந்தாள். அவள் தையல் அழகைப் பார்த்த முதலாளியம்மா, கத்திரியைச் சுவரோரம் தள்ளிவிட்டார். வந்தவள் பழசாகிப் போன பிறகும் கத்திரி வாயில் அவள் ‘புதுசு’தான்.

அன்றிலிருந்து கத்திரிக்கு ஒரு கண் துணியில், மறு கண் புதுசின் மேல். கட்டின புருஷனைக்கூட அவள் இப்படிக் கவனித்ததில்லை.

ஒருநாள் மிஷின் ஊசி புதுசின் விரலில் இறங்கியது. தையல்காரிகள் எல்லாரும் செய்வதுபோல மிஷின் எண்ணெயைத் தடவி, துண்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு தைத்தாள். கடையே உருகியது.

“எனக்குக் குத்தினப்போ ஒரு நாய் திரும்பிப் பாக்கல” என்று முணுமுணுத்தாள் கத்திரி.

விரல் வீங்கியது. சிவப்பு மணிக்கட்டுக்கு ஏறியது. ஒரு மத்தியானம் புதுசின் தையல் கோணியது. கத்திரிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்துப் பார்த்தால், புதுசு சட்டையின் கையைக் கழுத்தில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏய் புதுசு, யானைக்கா சட்டை? தும்பிக்கைக்கு வழி விடுறியா?”

புதுசு சிரிக்கவில்லை. “கரண்ட் போயிடுச்சாக்கா? இருட்டா இருக்கே.”

ஜன்னலில் வெயில் கொளுத்தியது. அவள் உடம்பு நடுங்கியது. ஓடி வந்தவள்போல மூச்சிரைத்தது. காலையிலிருந்து அவள் ஒருமுறைகூட பாத்ரூம் போகவில்லை என்பதும் கத்திரிக்குத் தெரியும்.

“அம்மா, வண்டியக் கூப்பிடுங்க!” கத்திரிதான் கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: “இது செப்சிஸ். விரல்ல ஏறின கிருமியால வந்தது. அத அடிக்கப் போன உடம்பு, வெறி பிடிச்ச மாதிரி தன்னோட கிட்னி, நுரையீரலையே அடிக்குது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா கஷ்டம்.”

கத்திரி புதுசின் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும், ‘எனக்கு வந்தா வெறும் இடுப்புவலி, இவளுக்கு மட்டும் பேரு வச்ச நோய்’ என்று மனசின் ஓரத்தில் எரியத்தான் செய்தது.

மறுநாள் முதலாளியம்மா, “நீயே ஜன்னலோரம் உக்காந்துக்கோ” என்றார். கத்திரி உட்கார்ந்தாள். ஊசிக்கடியில் அந்த யானைச் சட்டை. அதைப் பிரித்து, கையைக் கைக்குரிய இடத்தில் தைத்தாள். மிஷினுக்கு உறையைப் போட்டாள். சுவரோரம் போய்விட்டாள்.

நாலாபக்கமும் குழாய்களோடு கிடந்த புதுசு, கண் திறந்ததும் கேட்டாள்: “அக்கா, என் மிஷின்ல யாரு?”

“திமிரப் பாரு! எவளும் உக்காரல. சீக்கிரம் வந்து சேரு. நீ இல்லாம நான் யாரப் பாத்துடி வயிறெரியறது?”