ஹெனோவேவா உட்காராத நாற்காலி

புவெப்லா நகரத்தில் முதலாளி தோன் எராஸ்மோவின் துணிக்கடையில் ஹெனோவேவா பத்தொன்பது வருஷம் நின்றாள். வேலை பார்த்தாள் என்பதைவிட நின்றாள் என்பதே சரி. நான் அவளுக்கு அடுத்த மேசையில் எட்டு வருஷமாகத் துணி அளக்கிறேன். மாலையானால் அவளுடைய இடது காலில் நரம்புகள் சுருண்டு புடைத்துக்கொள்ளும்.

கடை ஆட்களுக்கு நாற்காலி தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது. தோன் எராஸ்மோ இரண்டு வாங்கிப் போட்டார், பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவிடவில்லை. முதல் நாள் ஹெனோவேவா உட்கார்ந்ததும் கல்லாவிலிருந்து சிரித்தார்.

"என்ன கொமாத்ரே, அதுக்குள்ள அசந்துட்டீங்களா? வயசாயிடுச்சோ?"

அவள் எழுந்துவிட்டாள். அதன்பிறகு யாரும் உட்காரவில்லை.

கொமாத்ரே, அதாவது ஞான உறவுக்காரி, என்று சும்மா கூப்பிடவில்லை. அவள் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர் அவர். அந்த மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாக் கவுனுக்குத் துணியும் அவர் கொடுத்ததுதான். பிள்ளையின் ஞானத்தகப்பன் எங்களுக்குக் கூடப்பிறந்தவனுக்கும் மேல். அவர்மேல் புகார் சொல்லிவிட்டுக் கோயிலில் தலைகாட்ட முடியாது. பாதி முதலாளிகள் இப்படித்தான் ஆளைக் கட்டிப்போடுகிறார்கள் என்பது என் கட்சி.

ஒருநாள் தொழிலாளர் ஆய்வாளர் வந்தார். முதலாளியை வெளியே அனுப்பிவிட்டு, "நெசமாவே உக்கார விடுறாங்களாம்மா?" என்று கேட்டார்.

"எப்ப வேணும்னாலும் உக்காருவோம் சார்," என்றாள் ஹெனோவேவா. அதை அவர் எழுதி நீட்டிய காகிதத்தில் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். "அவங்க சொன்னதுதான்," என்று நானும் போட்டேன்.

அவர் போனபின் அவளிடம் சீறினேன். "ஏன்டி பொய் சொன்னே?"

"உனக்கு வாய் இல்லையா?" என்றாள்.

ஏழு மாதத்தில் அவள் கணுக்காலுக்கு மேல் புண் வந்தது. ஆறவே இல்லை. நின்று நின்று வந்ததுதான் என்றார் டாக்டர். வேலையால் வந்த நோய் என்று காப்பீட்டு அலுவலகம் ஒத்துக்கொண்டால் சம்பளத்தோடு ஓய்வு கிடைக்கும். இல்லையென்றால் அந்தக் காலோடு மறுபடியும் கடைக்குப் போய் நிற்கவேண்டும். தோன் எராஸ்மோ நாங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகலை அங்கே எடுத்து நீட்டினார். "நீங்களே எழுதிக் கொடுத்ததுதானே கொமாத்ரே," என்று சொல்லி, அவள் வீட்டுக்கு ஒரு கூடை கொய்யாவும் அனுப்பினார். அந்தக் கூடையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீயாச்சும் வந்து சொல்லுடி," என்றாள் ஹெனோவேவா. வேலை போய்விடுமே என்று மூன்று நாள் பயந்தேன். நான்காம் நாள் அவளோடு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

"ஒருநாளும் உக்கார விடலை சார். அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் பொய் சொன்னோம்."

அதிகாரி கோபப்படவில்லை. "அன்னிக்குச் சொன்னது பொய்ங்கறீங்க. இன்னிக்குச் சொல்றதை எதை வச்சும்மா நம்பறது?"

ஹெனோவேவா குனிந்து காலில் இருந்த கட்டை அவிழ்த்தாள்.

"இதை வச்சு நம்புங்க சார்."

அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். "கால் கெட்டிருக்கு, தெரியுது. கடையிலதான் கெட்டுச்சுன்னு கால் வந்து சொல்லாதேம்மா. நீங்கதான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். வேலையால வந்ததுன்னு என்னால எழுத முடியாது."

ஹெனோவேவா துணியை மறுபடி சுற்றிக்கொண்டாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.