வாய் நிறையத் தண்ணீரோடு ஒரு டீம் லீடர்

எங்கள் டீம் லீடரை, அவர் காதில் விழாத தூரத்தில், ‘கன்ட்ரோல் ரூம்’ என்போம். நேரில் அக்கா.

ஒரு கால்நடை மருத்துவமனைக்கு ஆப் செய்வதுதான் எங்கள் வேலை. நாய், பூனைகளுக்கு டோக்கன் போட வேண்டும், தடுப்பூசித் தேதி வந்தால் வளர்ப்பவர்களுக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். அந்த ஆப்பில் எந்தப் பொத்தானுக்கு என்ன நிறம் என்பதில் தொடங்கி, எங்கள் டேட்டாபேஸ் தாடிக்காரர் எப்போது டீ குடிக்க எழுந்து போவார் என்பது வரை எல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் அவர்கள் வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டு, “நீ தூங்கு” என்று மெசேஜ் அனுப்புகிறவர். சிக்கலே அங்கேதான். எல்லாவற்றையும் அவரே செய்துவிடுவார்.

ஆப் இழுத்துக்கொண்டே போனது. பெரிய மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, கறாராகச் சொல்லிவிட்டார். மருத்துவமனை டாக்டரம்மா வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பார். தடுப்பூசி மெசேஜ் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் மேனேஜர் டீமைக் கலைத்து ஆளுக்கொரு ப்ராஜெக்டில் போட்டுவிடுவாராம். அதற்குள் அக்கா, ‘அஜைல்’ முறையில், அதாவது வேலையை டீமே பேசிப் பிரித்துக்கொள்ளும் முறையில், டீம்களை நடத்துகிறவர்களுக்கான அறிமுகப் பயிற்சிக்கும் போய்வர வேண்டுமாம். பயிற்சி என்றதும் அக்கா தலையாட்டினார். ‘கலைத்து’ என்ற சொல்தான் அவரை உலுக்கியது. எந்த டீமிலும் ஒட்டாத எங்களை ஒவ்வொருவராகப் பொறுக்கிச் சேர்த்தவர் அவர்.

பயிற்சியில் நடந்ததை அவரே பிற்பாடு எங்களிடம் சொன்னார். அங்கே ஒரு பந்து விளையாட்டு. ஒவ்வொரு பந்தும் குழுவில் இருக்கும் எல்லோர் கையிலும் பட்டுக் கூடையில் விழ வேண்டும். அக்கா நடுவில் நின்று, நீ இப்படித் திரும்பு, நீ அங்கே கொடு என்று பொழிந்து தள்ளியதில் அவர் குழு கடைசியாக வந்தது. பயிற்சி கொடுத்தவர் மெதுவாகச் சொன்னாராம்: “உங்க குழு நல்ல குழு மேடம். பந்துதான் உங்க கையிலயே நின்னுடுது.” எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார். ஆனால் மதியச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

அவர் வீட்டுக்காரர் தையல்காரர். அன்று மாலை ஒரு சட்டைக்குக் குண்டூசி குத்திக்கொண்டே முழுக் கதையையும் கேட்டு முடித்தார். பிறகுதான் உதட்டிலிருந்த ஊசிகளை எடுத்தார்.

“இங்கயும் பந்து உங்கிட்டதான் இருக்கு. நாங்க பழகிட்டோம்.”

“கிண்டல் பண்ணாதீங்க. அவங்களப் பேச விடணுமாம். என் வாய் சும்மா இருந்தாத்தானே?”

“நான் ஏன் வாயில ஊசி வச்சிருக்கேன்னு நினைக்கிற? இல்லன்னா கஸ்டமர் பாதி சொல்றப்பவே ‘எனக்குத் தெரியும் சார்’னுடுவேன். அப்புறம் தைச்ச சட்டை தோள்பட்டையில பிடிக்கும். உனக்கு ஊசி வேணாம்மா. ஒரு வாய் தண்ணி போதும்.”

அவர் விளையாட்டாகச் சொன்னதை அக்கா அப்படியே பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலைக் கூட்டம். வேலைச் சீட்டுகள் ஒட்டிய பலகைக்கு முன்னால் நின்றபடியே பேசி முடிக்க வேண்டிய கூட்டம் அது. வழக்கமாக இன்னாருக்கு இன்ன வேலை என்று சீட்டுகளில் எங்கள் பெயர் எழுதியிருக்கும். அன்று ஒரு பெயரும் இல்லை. “நீங்களே எடுத்துக்கோங்க” என்றார். பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். முழுங்கவில்லை. கன்னம் இரண்டும் உப்பி நின்றன.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பல் வலியாக இருக்கும் என்று தாடிக்காரர் ஒரு பல் டாக்டர் நம்பரைத் தேடி அனுப்பினார். நாங்கள் பழகிய வேலைகளையே ஆளுக்கொன்றாக உருவிக்கொண்டோம். தடுப்பூசி மெசேஜ் சீட்டு மட்டும் பலகையில் அநாதையாக நின்றது. செவ்வாயும் அப்படியே. அக்காவின் கை அந்தச் சீட்டு வரை போகும், பிறகு பாக்கெட்டுக்குத் திரும்பும். அவர் நினைத்திருந்தால் ஒரே மாலையில் எழுதி முடித்திருப்பார். டீமே கலையப் போகிற நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

புதன்கிழமை ஆப்பில் தப்புத் தேடும் எங்கள் டெஸ்டர் வாயைத் திறந்தாள். அவளை நாங்கள் ‘மியூட்’ என்று கூப்பிடுவோம், அவ்வளவு அமைதி.

“அந்தச் சீட்டுல எழுதியிருக்கிறதே தப்புக்கா. நாய்க்கு ஒண்ணு, பூனைக்கு ஒண்ணுன்னு தனித்தனியா மெசேஜ் போகும். வீடு நிறைய பூனை வளர்க்கிறவங்க என்ன செய்வாங்க? ஆப்பையே தூக்கிடுவாங்க.”

தாடிக்காரர் திரும்பினார். “இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“எப்பச் சொல்றது? அக்கா கேள்வியும் கேப்பாங்க, மூச்சு விடறதுக்குள்ள பதிலும் அவங்களே சொல்லிடுவாங்க. இந்த மூணு நாளாத்தான் அவங்களுக்குப் பல் வலி.”

அக்காவால் அடக்க முடியவில்லை. சிரிப்பு பீறிட, வாயிலிருந்த தண்ணீர் முழுவதும் தாடிக்காரர் சட்டையிலும் பலகையிலும் தெறித்தது. சீட்டுகளில் மை ஓடியது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு குண்டூசிக் கதையைச் சொன்னார். “அப்ப என்ன பண்ணலாம்?” என்று கேட்டார். கேட்ட கையோடு இன்னொரு வாய் தண்ணீர் குடித்து, கன்னத்தை உப்பிக்கொண்டார்.

பிறகு நாங்கள் பேசினோம் பாருங்கள்! சண்டைகூடப் போட்டோம். வீட்டுக்கு ஒரே மெசேஜ், அதில் எல்லாச் செல்லங்களின் பெயரும் என்று முடிவானது. ஈரச் சீட்டை மியூட் ஒரு பக்கமும் தாடிக்காரர் ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா தன் வீட்டுப் பூனைகளையே பதிந்து சோதித்தார். போனில் ஒரே ஒரு மெசேஜ் வந்தது.

“அப்பாடா. எங்க வீட்டுப் பட்டாளத்துக்கே ஒரு மெசேஜ்தானா? யார் யோசனை?”

பெரிய மேனேஜர் வழக்கம்போல அக்காவைப் பார்த்தார். அக்காவின் கன்னம் உப்பியிருந்தது. மியூட் எழுந்தாள்.

“நான். அப்புறம் நாங்க எல்லாரும்.”

டாக்டரம்மா போனதும், டீம் இப்படியே இருக்கட்டும் என்றார் மேனேஜர். அடுத்த பகுதி எப்போது முடியும் என்று கேட்டார். பழைய அக்காவாக இருந்தால் தேதியை அங்கேயே அடித்துச் சொல்லியிருப்பார். இப்போது தண்ணீரை முழுங்கினார். “டீமக் கேட்டுச் சொல்றேன் சார்.”

நான் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். தாடிக்காரரும் துடைத்தார், தூசி என்றார்.

டீம் பிழைத்ததை அக்கா வீட்டுக்காரருக்கு அனுப்பினார். வந்த பதிலை எங்களுக்கும் காட்டினார்: “ரொம்ப சந்தோஷம். வீட்டுக்கு வர்றப்பவும் அந்தத் தண்ணியோடவே வா.”