மண்ணெண்ணெய் கலந்தவர்

செல்வத்துரை நிறையக் கதைப்பவர். சண்டிலிப்பாயில் அவரிடம் லொறி வாடகைக்குக் கேட்டுப் போகிறவர்கள் அரை மணித்தியாலத்தைக் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டுதான் போவார்கள். பீற்றூட் எத்தனை மூட்டை, எத்தனை மணிக்கு ஏற்றுவது என்ற பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்சமெல்லாம் பொருளாதாரத் தடைக் காலத்துக் கதை. யாழ் குடாநாட்டுக்குள் பெற்றோலும் டீசலும் வராத அந்த வருடங்களில், இருபத்திரண்டு வயதில், அவர் ஒரு பழைய ஒஸ்ரின் காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். ஸ்ரார்ட் செய்வதற்கு மட்டும் மருந்துப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் ஐந்தாறு துளி. எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய். புகை கக்கிய அந்தக் காரில் பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பதினொரு பேர். பிறந்த பதினொரு பிள்ளைகளின் பெயர்களும் அவருக்கு இன்றும் மனப்பாடம்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் மற்றவர்களின் லொறிகளை ஓட்டினார். வாகன இறக்குமதி திரும்பவும் திறக்கப்பட்ட வருடம், ஐம்பத்தேழு வயதில், லீசிங் கடன் போட்டுத் தனக்கென்று ஒரு லொறி எடுத்தார். புத்தம் புதியது. கிழமைக்கு மூன்று தரம் தம்புள்ளைச் சந்தை. மூன்று வருட வொறண்டி; அதற்குள் பழுதானால் கொம்பனி பொறுப்பு. சேர்விஸ் எல்லாம் கொம்பனியின் நிலையத்திலேயே. புத்தகத்தில் முத்திரை தவறாமல் இருக்கிறது.

லொறி எடுத்து ஏழாம் மாதம், மாங்குளம் தாண்டியதும் எஞ்சினுக்குள் ஒரு சத்தம் கேட்டது. யாரோ உள்ளே இருந்து கதவைத் தட்டுவது போல. அரை மைல் போவதற்குள் வெள்ளைப் புகை கக்கி லொறி நின்றுவிட்டது. ஏற்றிய கத்தரிக்காய் றோட்டோரத்திலேயே அவிந்து போனது. லொறியை ஆனையிறவு வழியாகக் கட்டி இழுத்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து, கொம்பனியின் சேர்விஸ் நிலையத்தில் விட்டார்.

அங்கே வாடிக்கையாளரோடு பேசுவதற்கு இருப்பவன் பிரணவன். முப்பது வயது, மரியாதையான பிள்ளை. எஞ்சினைக் கழற்றும்வரை மூன்று மணித்தியாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. பிரணவன் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தான்.

"அண்ணை கனகாலமா ஓட்டுறியளோ?"

அவ்வளவுதான். செல்வத்துரை ஒஸ்ரின் காரில் ஏறிவிட்டார். மருந்துப் போத்தல், புகை, பதினொரு பிள்ளைகள்.

"அப்ப மண்ணெண்ணெய் ஓட்டத்திலை நீங்கள் விண்ணன்!" என்று பிரணவன் சிரித்தான்.

"விண்ணனோ? சட்டியிலை ஊத்தித் தந்தாலும் ஓடுவன் தம்பி!"

ஐந்து கிழமைக்குப் பிறகு கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலக் கடிதம். மகள் நிஷானி வாசித்துத் தமிழில் சொன்னாள். எரிபொருள் கலப்படத்தால் பம்ப் பழுதாகி, அதனால் எஞ்சின் பழுதாகியிருக்கிறது. ஆகவே வொறண்டி செல்லாது. அதன் கீழே ஒரு வசனம்: 'டீசலுடன் மண்ணெண்ணெய் கலந்து பாவித்ததை உரிமையாளர் எமது உத்தியோகத்தரிடம் தாமே ஒப்புக்கொண்டார்.'

"நான் எப்ப சொன்னனான்?" என்றார் செல்வத்துரை.

மனைவி மியூரியல் அடுப்படியிலிருந்து வந்தாள். "எப்ப சொல்லேல்லை? ஊருக்கே சொல்லித் திரியிறீங்கள். கோயிலிலை போதகருக்குச் சொல்லுறீங்கள், மீன்காரனுக்குச் சொல்லுறீங்கள். அவனுக்குச் சொல்லாமலோ வந்திருப்பீங்கள்?"

அவர் கடிதத்தை மடித்தார். சொன்னது உண்மைதானே.

அன்றோடு செல்வத்துரையின் கதை நின்றது. பழகியவர்கள் வாய்கொடுத்துப் பார்த்தார்கள். "ஓம்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நடந்த அநியாயத்தில் இந்தப் பகுதிதான் எனக்குத் தாங்கமுடியாதது. ஒரு கொம்பனி ஒரு மனிதரின் எஞ்சினைக் கெடுத்ததும் அல்லாமல், அவருடைய வாயே அதைக் கெடுத்தது என்று அவரையே நம்பவைத்தது. டாங்கியில் நாற்பது லீற்றர் டீசல் அப்படியே கிடந்தது. ஒரு போத்தலில் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை. "மாதிரி எடுத்தவையோ?" என்று நிஷானி தொலைபேசியில் கேட்டபோது, "அனுபவமுள்ளவர்கள் மணந்து பார்த்திருக்கிறார்கள்" என்று பதில் வந்தது. நோயாளியின் இரத்தத்தைச் சோதிக்காமல் ஊர்ப்பெயரைக் கேட்டு நோயைச் சொல்லும் வைத்தியரிடம் யாரும் போகமாட்டோம். எஞ்சின் என்றால் மட்டும் பொறுத்துக்கொள்கிறோம்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு சலுகையும் இருந்தது. மண்ணெண்ணெய் கலந்ததை ஏற்றுக்கொண்டு, இனி முறைப்பாடு செய்வதில்லை என்று கையெழுத்து வைத்தால், நல்லெண்ணத்தின் பேரில் புதிய எஞ்சினை அரை விலைக்குத் தருவார்கள். அடுத்த மாத முடிவுக்குள் கையெழுத்து வேண்டும். அதற்குள் லீசிங் கட்டாமல் மூன்று மாதம் ஆகிவிடும். அந்த மாதம் முடிந்தால் லொறியை இழுத்துக்கொண்டு போகப்போவதாக லீசிங்காரரும் அறிவித்திருந்தார்கள்.

அந்த மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது அவர் லொறியைப் பார்க்கப் போனார். நிலையத்தின் பின்வளவில் அதே நிறத்தில் இன்னொரு லொறிக்கு எஞ்சின் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் இலக்கத் தகட்டைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து இரண்டாம் பக்கத்தைப் பிரித்தார். முதல் பக்கத்தில் 4486 என்று அவருடைய இலக்கம். இரண்டாம் பக்கத்தில் 4471. ஏதோ கோவை இலக்கமாக்கும் என்று அதுவரை நினைத்திருந்தார். 4471 கண்ணுக்கு முன்னால் நின்றது.

பக்கத்தில் ஒரு இளைஞன் நின்றான். பெயர் ஜெயரூபன், ஊர் கரவெட்டி.

"தம்பி, உங்கடையோ?"

"ஓம் அண்ணை. எடுத்து ஆறாம் மாதமே நிண்டிட்டுது. அரை விலைக்குப் போட்டுத் தாறாங்கள்."

"உமக்கும் கடிதம் வந்ததோ? மண்ணெண்ணெய் கலந்தன் எண்டு நீர் சொன்னதாப் போட்டிருந்ததோ?"

ஜெயரூபன் கைத்தொலைபேசியில் இருந்த கடிதத்தின் படத்தைக் காட்டினான். அதே எழுத்து, அதே வசனம். திகதி மட்டும் மூன்று கிழமை முந்தியது.

"நீர் சொன்னனீரோ?"

"என்னத்தைச் சொல்ல? நான் லொறியை விட்டிட்டு ஒரு வார்த்தை கதைக்காமல் பஸ் ஏறிப் போனனான். மண்ணெண்ணெயிலை கார் ஓடும் எண்டதே எனக்கு இப்பத்தான் தெரியும்."

செல்வத்துரை அங்கிருந்த பழைய ரயரின் மேல் உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது, கண்ணிலும் ஏதோ வந்தது. இரண்டு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டு திரிந்த மனிதர், அந்த வாய்க்குக் குற்றமில்லை என்று அப்போதுதான் அறிந்தார்.

"அந்தக் கடிதத்தைத் தாரும் தம்பி. ரெண்டையும் கொண்டுபோய் வைச்சால் ஒருத்தராலும் மறுக்கேலாது."

ஜெயரூபன் தொலைபேசியைப் பைக்குள் போட்டான். "கோவிக்காதேங்கோ அண்ணை. நான் கையெழுத்து வைச்சிட்டன். வாய் திறந்தால் இந்த எஞ்சினும் இல்லை. பெண்சாதி மூண்டாவது பிள்ளைக்கு இருக்கிறா."

தொலைபேசி நம்பர்களை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். செல்வத்துரை வற்புறுத்தவில்லை. தன்னுடைய கடிதத்தை மட்டும் கொண்டுபோய்ப் பிரணவனின் மேசையில் விரித்து, 4471-இன் மேல் விரலை வைத்தார்.

"உதென்ன நம்பர்?"

பிரணவன் பார்த்தான். எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அண்ணை, சத்தியமா உங்கடை கதையை நான் ஒருத்தருக்கும் எழுதி அனுப்பேல்லை. எங்கடை பக்கத்திலையிருந்து எஞ்சின் கேஸ் போனால் கொழும்பிலையிருந்து உந்த வசனம்தான் வரும். ஏழு கடிதம் நானே குடுத்திருக்கிறன்."

"ஏழு பேரும் கலந்தவையோ?"

"கேட்டனான். 'யாழ்ப்பாணம்தானே' எண்டாங்கள்."

"இதை எழுதித் தருவியோ தம்பி?"

பிரணவன் கடிதத்தை மடித்து அவரிடம் நீட்டினான். "நானும் லோன் எடுத்துத்தான் வீடு கட்டுறன் அண்ணை."

முப்பத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு அரசு இந்த மக்களுக்கு டீசலைத் தடுத்தது. அவர்கள் மண்ணெண்ணெயில் ஓடிப் பிழைத்தார்கள். அந்தப் பிழைப்பையே இன்று ஒரு கொம்பனி குற்றப்பத்திரிகையாக அச்சடித்து வைத்திருக்கிறது.

சட்டத்தரணி ஒருவர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "வெல்லலாம்" என்றார். "ஆனால் ரெண்டு வருஷம் போகும்." லொறிக்கு இருந்ததோ நான்கு நாள்.

வீட்டில் மியூரியலிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். பிறகு, "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள்.

"மன்னிப்பு இருக்கட்டும். கையெழுத்து வைக்கிறதோ, விடுறதோ?"

"லொறி போனால் என்ன செய்வீங்கள்?"

"திரும்ப ஆற்றையேன் லொறி ஓட வேணும். இந்த வயதிலை ஆர் தருவாங்கள்?"

கடைசி நாள் பின்னேரம் கையெழுத்து வைத்தார். செய்யாததைச் செய்ததாக, தெளிவான எழுத்தில், தகப்பன் பெயரோடு. மியூரியலின் காப்புகள் அரை எஞ்சினாக மாறின. எஞ்சின் வரப்போகிறது என்ற பத்திரத்தைக் காட்டியதும் லீசிங்காரரும் தவணை தந்தார்கள்.

எஞ்சின் வர ஆறு கிழமை எடுத்தது. லொறி திரும்பி ஓடியது. நாலாவது ஓட்டம். மத்தியான வெயிலில், இருபது மூட்டை பீற்றூட்டோடு பரந்தனைத் தாண்டிப் போகும்போது தொலைபேசி அடித்தது. ஜெயரூபன். லொறியை ஓரங்கட்டினார்.

"அண்ணை, கையெழுத்து வைச்சிட்டியளோ?"

"வைச்சிட்டன். ஏன்?"

"என்ரை திரும்ப நிண்டிட்டுது. அதே சத்தம், அதே வெள்ளைப் புகை. பத்திரத்தை எடுத்துக் காட்டுறாங்கள். கலக்கிற ஆள் எண்டு நான்தானே எழுதிக் குடுத்திருக்கிறனாம். இனி வொறண்டியே இல்லையாம். அண்ணை... கேக்குதோ?"

"கேக்குது."

"உங்கடை எப்பிடி ஓடுது?"

செல்வத்துரை தொலைபேசியை மடியில் வைத்தார். கண்ணாடியை முழுக்க இறக்கினார். பின்னால் வந்த பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்து போனது. அது தூரப் போகும்வரை பொறுத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் திறப்பில் இருந்த கையை எடுத்துவிட்டார்; நிற்பாட்டினால் திரும்ப ஸ்ரார்ட் ஆகுமோ தெரியாது. தலையைக் கதவுக்கு வெளியே நீட்டி, வெயிலில், மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். உள்ளே யாராவது தட்டுகிறார்களோ என்று.